நாவலர் வகுத்த நடை

பதுளையிலே மாணாக்கர் கட்டுரைகளைத் திருத்துங்கால் ஒரு குறையினைப் பன்முறை கண்டுள்ளேன். தேயிலைத் தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளை, தன் ஊரைப் பற்றி எழுதப் புகுந்ததும், தான் ஒருநாளுங் கண்டிராத தாமரைத் தடாகத்தையும் அன்னப்பறவையையும் வருணிக்கின்றான். கொழுந்துக் கூடையும் மலைமுகட்டுப் பனியும் அவன் ஏட்டிலே இடம்பெறுவதில்லை. அருஞ்சொற்களைக் கண்டு மகிழ்ந்து புள்ளி வழங்கிய ஆசிரியராகிய யாமே இதற்குக் காரணர். இதனை நினையுந்தோறும் ஆறுமுக நாவலரின் வாழ்வு என் நெஞ்சில் எழும்.

1822ஆம் ஆண்டு நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாய்ப் பிறந்த ஆறுமுகம், சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராச முதலியாரிடமும் தமிழ் கற்றார். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராயினார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். சொல்லைப் பொருளோடு நிறுத்துப் பார்க்க அப்பணி நற்பயிற்சியாயிற்று எனலாம்.

1847ஆம் ஆண்டின் இறுதியிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். கேட்க வந்தோர் புலவர் மட்டுமல்லர், பொதுமக்களும் வந்தனர். மறு ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. மாணாக்கருக்கு ஏற்ற நூல்கள் இல்லாமை கண்டு, அச்சியந்திரம் வாங்கி, பாலபாடங்களைத் தாமே எழுதி வெளியிட்டார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கினார். கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே உணரவேண்டும் என்பதே அவர் நோக்கம்.

இங்கே ஆசிரியர் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இலக்கணக் கடலை நீந்திய அவருக்குக் கடுநடை அரிதன்று. ஆயினும் கடுஞ்சந்திகளைப் பிரித்தார். தமிழ் வசனத்திலே நிறுத்தக் குறியீடுகளை முறையாக வழங்கிய முன்னோடிகளுள் ஒருவராயினார். குழந்தைக்குச் சிறு வாக்கியம், வளர்ந்தோர்க்கு நீண்ட வாக்கியம் எனப் படிப்போரை அறிந்து எழுதினார். எளிமை அவரிடத்துக் கல்விக் குறைவால் வந்ததன்று. கல்வியின் முதிர்ச்சியால் வந்தது. அதனாலேதான் எளிய அந்நடையிலே பிழை காண்டல் அரிதாயிற்று.

குறையையும் மறைத்தல் தகாது. சாதி வரம்பை நாவலர் கடந்தாரல்லர். அவர் எழுதிய நூல்களிலும் அது தோன்றும். அவர் 1879இல் மறைந்தபோது ஊவா மலைகளிலே கோப்பித் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் பலருக்கு, அவர்தம் பள்ளியின் வாயில் திறந்திராது. எனினும் அவர் திருத்தி அமைத்த வசனநடைக்கு வாயிற்கதவு இல்லை. இன்று அது அம்மக்களின் பேரப்பிள்ளைகள் கையிலும் இருக்கின்றது.

ஆதலின் இப்பொழுது கட்டுரை ஏட்டை விரித்ததும் அணிகளை எண்ணுவதை விட்டேன். பிள்ளை கண்டதை எழுதினானா, படிப்போனை எண்ணி எழுதினானா, பிழையற எழுதினானா என்றே பார்க்கின்றேன். விடியுமுன் மலையேறும் தாயின் விரல்களிலே கொழுந்துக் கறை படிந்திருப்பதை நான்கு சிறு வாக்கியங்களில் ஒருவன் எழுதினால், அன்னப்பறவைக்கு முன்னர் யான் அளித்த புள்ளியினும் மிகுதியாக அவனுக்கு அளிப்பேன்.