கண்தானத் தந்தை ஹட்சன் சில்வா

தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும்போது தெறிக்கும் குச்சி கண்ணிற் பட்டால் முதலில் காயப்படுவது விழிவெண்படலமே. அது புண்ணாகித் தழும்பு விழுந்தால், கண்ணின் ஏனைய பாகங்கள் நலமாயிருந்தும் பார்வை மறைந்துவிடும். இத்தகையோருக்கு இறந்தவரின் விழிவெண்படலத்தைப் பொருத்தும் சிகிச்சைக்காக இலங்கையில் கண்தானத்தை ஓர் இயக்கமாக்கியவர் வைத்தியர் ஹட்சன் சில்வா ஆவார்.

1929இல் பிறந்த இவர் கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் கற்றார். மருத்துவ மாணவராயிருந்த காலத்திலேயே, 1958இல், 'லங்காதீப' பத்திரிகையில் கண்தானம் பற்றிக் கட்டுரை எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. 1960இல் தாயார் காலமானபோது அவரது கண்களையே தானமாக வழங்கச் செய்தார். ஊருக்கு உபதேசம் செய்பவர்கள் பலர். தம் வீட்டிலிருந்து தொடங்குபவர் சிலரே. 1961இல் இலங்கைக் கண்தான சங்கத்தை நிறுவினார்.

கண்ணப்பர் கதையை நாம் சமய பாடத்தில் படிக்கிறோம். பௌத்தர்களிடம் கண்ணைத் தானம் செய்த சிவி மன்னன் கதை உண்டு. தானம் என்ற இந்தப் பழைய எண்ணமே ஹட்சன் சில்வாவின் கோரிக்கைக்குத் துணைநின்றது.

ஒருவரின் இழையத்தை மற்றவரின் உடல் ஏற்பது எவ்வாறு? விழிவெண்படலத்திற் குருதிக்கலன்கள் இல்லை. அது வேண்டிய ஒட்சிசனைப் பெரிதும் வளியிலிருந்து கண்ணீரினூடாகவும், போசணையைக் கண்ணுள்ளிருக்கும் தெளிந்த திரவத்திலிருந்தும் பெறுகிறது. எனவே அந்நியப் பொருளைத் தாக்கும் வெண்குருதிக் கலங்கள் அங்கு எளிதிற் சென்றடைவதில்லை. (படம் வரைந்து பெயரிடும் மாணவர் பலர் இக்காரணத்தை எழுத மறந்துவிடுகின்றனர்.) ஆனால் குருதிக்கலன் இல்லாமையாற் காயம் ஆறுவதும் தாமதமாகிறது. அதனால் தையல்கள் பெரும்பாலும் ஒரு வருடம் வரையோ அதற்கு மேலாகவோ விடப்படுகின்றன.

இறந்து சில மணித்தியாலங்களுக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும். பெருந்தெருவிலிருந்து தூரத்திலுள்ள தோட்ட லயங்களில் இதுவே பெரிய தடை. ஆனால், எடுத்த கண்களைப் பனிக்கட்டியிட்டு வைத்தால் தொலைவுக்கும் அனுப்பலாம். ஹட்சன் சில்வா 1964இல் தேமஸ் குடுவையொன்றில் அவற்றை வைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இலங்கையரின் கண்களைப் பெற்றன. 1999 மே மாதம் அவர் காலமானார்.

மாற்றிய விழிவெண்படலம் பலமுறை பழுதடைந்தவர்களுக்கு இன்று பிளாத்திக்கினாலான செயற்கை விழிவெண்படலம் பொருத்தப்படுகிறது. ஆயினும் பிளாத்திக்கு உயிருள்ள இழையத்தோடு தானாக ஒட்டி ஆறுவதில்லை. ஆகையால், பரவலாகப் பயன்படும் வகையொன்றில் அதனைத் தானமாகக் கிடைத்த விழிவெண்படல வளையமொன்றின் நடுவே பொத்தான்போல இறுக்கி, அவ்வளையத்தையே நோயாளியின் கண்ணோடு தைக்கின்றனர். காயம் ஆறுவது அந்த வளையத்தின் ஓரத்திலேதான். அவ்வளையமோ பெரும்பாலும் இறந்த ஒருவரின் கண்ணிலிருந்தே எடுக்கப்படுகிறது.