குடியானவனின் பெயரால்

சட்டசபைகளில் மிகுதியாக அடிபடும் பெயர் எது என்று எவரேனும் நம்மைக் கேட்பின், அது மந்திரியின் பெயரும் அன்று, கட்சித் தலைவரின் பெயரும் அன்று, சாதாரணக் குடியானவனின் பெயரே என்று தயங்காது கூறுவோம். வரி விதிப்போர் அவனுடைய நன்மைக்காகவே விதிப்பதாகச் சொல்லுகின்றனர். வரியை எதிர்ப்போரும் அவனுக்காகவே எதிர்ப்பதாகச் சொல்லுகின்றனர். நீதிஸ்தலத்தில் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது வழக்கம். சட்டசபையிலோ சாட்சி வருவதே இல்லை. அவன் இவ்வாறு கருதுகிறான் என்று சொல்லுவோர் மாத்திரமே வருகின்றனர். வராத சாட்சிக்காகப் பேசும் இக்காரியத்தைப் பொறுப்புடன் செய்த ஒருவரின் சரிதையை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் கோபால கிருஷ்ண கோகலே.

1866-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி, ரத்னகிரி ஜில்லாவிலுள்ள கோட்லுக் என்னும் கிராமத்தில், எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தமையனார் தமது படிப்பை விட்டு, மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்து, அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பி வந்தார். 1884-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையில் பட்டம் பெற்ற கோகலே, பெரிய உத்தியோகம் எதையும் நாடாமல், புனாவில் தேசாபிமானிகள் நிறுவிய பெர்குஸன் கலாசாலையில் சொற்ப ஊதியத்துக்கு ஆசிரியரானார். கணக்குப் பாடநூல் ஒன்றும் எழுதினார். மகாதேவ கோவிந்த ரானடே அவரைச் சீடராக ஏற்று, சர்க்கார் அறிக்கைகளையும் வரவு செலவுக் கணக்குகளையும் வரி விடாமல் ஆராயப் பழக்கினார்.

1897-ல் இந்தியாவின் செலவுகளை விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சியம் அளிக்க அவர் இங்கிலாந்து சென்றார். அச்சமயம் புனாவில் பிளேக் நோய் பரவியிருந்தது. வீடுகளைச் சோதனையிட்ட சிப்பாய்கள் பெண்களை அவமானப்படுத்தினர் என்று நண்பர்கள் எழுதிய கடிதங்களை நம்பி, கோகலே அச்செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் வெளியிட்டார். சர்க்கார் ருசுக் கேட்டது. அவர் ஊர் திரும்பியபோது, முன்வந்து சாட்சி கூற எவரும் துணியவில்லை. கோகலே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சொந்த நாட்டாரின் ஏளனத்துக்கும் ஆளானார். ஜனங்களின் துயரம் மெய்யே ஆயினும், நிரூபிக்க இயலாத நிலையில் அதை எடுத்துரைப்பவன் அவர்களுடைய வழக்கையே பலவீனப்படுத்துகிறான். இப்பாடத்தை அவர் பின்னர் ஒருகாலும் மறக்கவில்லை என்பது அவருடைய சட்டசபைப் பேச்சுக்களால் விளங்கும்.

1901-ல் பம்பாய்ச் சட்டசபையில் நிலவரிச் சட்டத் திருத்த மசோதா வந்தது. குடியானவன் நிலத்தை லேவாதேவிக்காரனிடம் இழந்து விடுகிறான். ஆகவே, வரி பாக்கிக்காகப் பறிமுதலான நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதை விற்கும் உரிமையைக் கொடுக்கலாகாது என்றது சர்க்கார். விற்கும் உரிமை இல்லாதவனுக்குப் பஞ்ச காலத்தில் கடன் கொடுப்பவர் யார் என்று கேட்டனர் எதிர்த்தோர். இரு தரப்பாரும் பேசியது ஒரே குடியானவனுக்காக! அவசரம் வேண்டாம் என்ற வேண்டுகோள் நிராகரிக்கப்பட்டதும், பிரோஸ்ஷா மேத்தாவும் கோகலேயும் வேறு சிலரும் சபையை விட்டு வெளியேறினர். உத்தியோகஸ்தர்களின் பெரும்பான்மையால் மசோதா நிறைவேறியது.

மறு வருஷம் கோகலே ராஜப்பிரதிநிதியின் சட்டசபையில் அமர்ந்தார். வரவு செலவுத் திட்டத்தின்மீது பேசலாம், வோட்டுப் போட முடியாது என்பதே அங்கு அப்போதிருந்த விதி. படித்தவர்கள் ஒரு சிறு கூட்டத்தார், வாயற்ற கோடிக்கணக்கான ஜனங்களை அறிந்தவர்கள் நாங்களே என்பது உத்தியோகஸ்தர்களின் வாடிக்கையான வாதம். கோகலே இவ்வாதத்துக்குக் கோஷத்தால் பதில் கூறவில்லை. சர்க்காரின் சொந்தக் கணக்குகளையே கையில் எடுத்தார். கஜானாவில் மிச்சம் காண்பது ஜனங்களின் செழிப்பைக் காட்டுவதன்று, தேவைக்கு மேல் வரி வாங்கப்படுவதையே காட்டுகிறது என்று 1902-ம் வருஷப் பேச்சில் நிரூபித்தார். 1888-ல் மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்ட உப்பு வரியை எடுத்துக்கொண்டு, ஏழைகள் உபயோகிக்கும் உப்பின் அளவை அது எவ்வாறு குறைத்தது என்று காட்டினார். ஏழை சபைக்கு வர இயலாது. அவன் வாங்காமல் விட்ட உப்பு கணக்கில் வந்து நின்றது. 1903-ல் வரி 2 ரூபாயாகவும், 1905-ல் 1 ரூபாய் 8 அணாவாகவும், 1907-ல் 1 ரூபாயாகவும் குறைந்தது. கஜானாவில் மிச்சம் இருந்தமையே இதனை எளிதாக்கியது என்பது மெய். எனினும் அம்மிச்சம் யாருடைய பணம் என்று ஆண்டுதோறும் நினைவூட்டியவர் கோகலே.

தமிழர் அவருக்குத் தனிக் கடமைப்பட்டவர். 1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பல் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கான தமிழர் அங்கு சென்றனர். 1910 பிப்ரவரியில் கோகலே கொண்டுவந்த தீர்மானத்தைச் சர்க்கார் ஏற்று, 1911 ஜூலை முதல் நேட்டாலுக்கு ஆள் சேர்ப்பதை நிறுத்தியது. கூலி ஒப்பந்த முறையையே ஒழிக்க வேண்டுமென்று 1912 மார்ச்சில் அவர் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. கணக்கோடு அவர் திருப்தி அடையவில்லை. நோயுற்ற உடலுடன் அவ்வருஷமே தென்னாப்பிரிக்கா சென்று, ஒப்பந்தம் முடிந்த கூலிகளை வாட்டிய 3 பவுன் வரியைப் பற்றி அவர்கள் வாயிலாகவே கேட்டறிந்தார். காந்தியடிகள் நடத்திய போராட்டத்திற்குப் பின் 1914-ல் அவ்வரி நீங்கியது.

அவர் வாழ்வின் பெருந் தோல்வி கல்வி மசோதா. 1911 ஜனக்கணக்கின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேரே. அவ்வருஷம் மார்ச்சில் அவர் கொண்டுவந்த மசோதா, 6 முதல் 10 வயது வரையுள்ள பையன்களுக்குக் கட்டாயக் கல்வி அளிக்க ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. மாத வருமானம் 10 ரூபாய்க்குக் குறைந்த பெற்றோருக்குச் சம்பளம் கிடையாது என்றது. ஜனங்கள் இதைக் கோரவில்லை, கட்டாயத்தை விரும்பமாட்டார்கள் என்று எதிர்த்தோர் கூறினர். மீண்டும் குடியானவனே சாட்சி! எழுத்தறிவு மறுக்கப்பட்டவன் மகஜர் எழுதவில்லை என்பதையே அவனுக்கு எதிரான ருசுவாக்கினர். 1912 மார்ச்சில் 38 வோட்டுக்கு 13 வோட்டாக மசோதா தோற்றது. மத்திய சர்க்காரின் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் அமலுக்கு வந்தது 2010-ல். இடையே கழிந்தவை 98 வருஷங்கள்.

கோகலேயையும் எந்தக் குடியானவனும் வோட்டுப் போட்டு அனுப்பவில்லை. அக்காலத்தில் குடியானவனுக்கு வோட்டில்லை. அவருடைய மிதவாதம் அந்நிய ஆட்சியை அசைக்காது என்று திலகர் கட்சியார் கூறியதிலும் நியாயம் உண்டு. 1915 பிப்ரவரி 19-ந் தேதி, தமது 48-வது வயதில் அவர் காலமானார். அவர் 1905-ல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமை, வலங்கைமானில் பிறந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியாரிடம் வந்தது.

1951-52 பொதுத் தேர்தல் முதல் வயது வந்தோர் அனைவருக்கும் வோட்டு உண்டு. ஆயினும் சபையில் குடியானவன் இன்றும் பெரும்பாலும் பெயராகவே இருக்கிறான். கோகலேக்கு வோட்டின் பலம் இல்லாமையால் ருசுவின் பலத்தைத் தேடினார். வோட்டின் பலம் பெற்ற நமது பிரதிநிதிகளோ, ருசு அநாவசியம் என்று எண்ணிவிட்டனர் போலும். ஜனங்கள் விரும்புகிறார்கள் என்று ஓர் அங்கத்தினர் முழங்கும்போது, எந்த ஊர் ஜனங்கள், எப்போது கேட்டறிந்தீர், கணக்கு எங்கே என்று வினவுவது வோட்டரின் உரிமை. மேடை ஏறிப் பேசும் நம் தேசத்தொண்டர்களும் இக்கேள்விகளை முதலில் தம்மையே கேட்டுக்கொண்டு பேசுவார்களாயின், குடியானவனுக்கு அதுவே பேருபகாரமாகும்.