மாடிக்கே கார் போகும் வீடு

தோழிகளே, சிரிப்பு நடிகர் சந்திரபாபு நம்ம தூத்துக்குடிக்காரர்னு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1927-ல் இங்கேதான் பிறந்தார். பனிமய மாதா நினைவாக வைத்த பெயர் பனிமயதாஸ். அப்பா சுதந்திரப் போராட்ட வீரர். அதனால் வந்த நெருக்கடியில் குடும்பமே இலங்கைக்குப் போனது. கொழும்பில் படித்துவிட்டு சென்னைக்கு வந்தார். 1947-ல் முதல் படம், ‘தன அமராவதி’. நடிப்பு, பாட்டு, டான்ஸ் எல்லாம் அவருக்கு வரும். 1958-ல் வந்த ‘சபாஷ் மீனா’வில் இரட்டை வேடம்.

கையில் பணம் சேர்ந்ததும் சென்னையில் ஒரு வீடு கட்டினார். காரை விட்டு இறங்காமலே முதல் மாடி வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போகலாம், அப்படி ஒரு சாய்வுப் பாதை! எங்க வீட்டு வாசப்படியில் சைக்கிளை ஏத்தவே பலகை போடணும். எனக்கு ஆச்சரியம் தாங்கலை.

அப்புறம் எம்.ஜி.ஆரை வைத்து ‘மாடி வீட்டு ஏழை’ என்று ஒரு படம் தானே எடுக்க ஆரம்பித்தார். அது பாதியில் நின்று போச்சு. கடன் ஏறியது. ஆசையாகக் கட்டிய வீடும் கையை விட்டுப் போனது. படத்தின் பெயரே பலிச்ச மாதிரி இருக்கு, பாருங்க. 1966-ல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை அவரே இயக்கி நடித்தார். அதுவும் கைகொடுக்கவில்லை. குடிப்பழக்கம் உடம்பைக் கெடுத்தது. 1974 மார்ச் 8-ஆம் தேதி இறந்தார். அப்போது அவருக்கு 46 வயதுதான்.