கிருஷ்ணபிள்ளையவர்களும் நன்றிப் பாடலும்

கிறித்தவக் கம்பர் எனத் தமிழுலகம் போற்றும் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளையவர்கள் 1827ஆம் ஆண்டு, திருநெல்வேலியைச் சார்ந்த கரையிருப்பு என்னும் சிற்றூரில், வைணவ வேளாளர் குடியிற் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். ஆதலின் இராமகாதை மைந்தர்க்கு ஏட்டிற் கற்ற நூலாவதற்கு முன்னரே செவிவழிப் புகுந்த செல்வமாயிற்று. இதனை மாணவ நண்பர்கள் மனத்திற் கொள்வார்களாக. பின்னர் நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் இதுவே வித்து.

1853இல் சாயர்புரத்து மிஷன் கலாசாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். கிறிஸ்து சமயத்தைத் தழுவும் எண்ணம் அப்பொழுது அவர்க்கு இருந்ததில்லை. ஆயினும் ஐந்தாண்டுகளுள் உள்ளம் மாறிற்று. 1858ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நமக்கு அணித்தாகிய மயிலாப்பூரிலேயே ஞானஸ்நானம் பெற்றார். நங்கநல்லூர்வாசியாகிய யான் அப்பக்கம் செல்லுந்தோறும், முப்பது வயதளவும் திருமண் தரித்த மரபில் வாழ்ந்த ஒருவர் அங்கு அன்று நின்ற நிலையை நினைப்பதுண்டு. அவர் பெற்ற மகிழ்ச்சி பெரிதே. அதன் விலையைச் செலுத்தினோர் அவர் ஒருவர் மட்டுமோ? அக்காலத்தில் இத்தகைய செய்தி ஒரு வைணவ இல்லத்தில் எவ்வளவு கண்ணீரை விளைத்திருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று.

இவ்வையத்துடனேயே யான் அவருடைய பாடல்களை வாசிக்கத் தொடங்கினேன். யான் அச்சமயத்தைச் சார்ந்தவன் அல்லேன். பிறந்த வீட்டை மறந்தவரது நன்றி எங்ஙனம் நிறைவுடையதாகும் என்னும் வினா என்னுள் இருந்தது. இரட்சணிய யாத்திரிகம் அவ்வினாவிற்கு எதிர்பாராத விடையைத் தந்தது.

அஃது, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலைத் தழுவியது. மூவாயிரத்தெழுநூற்றுக்கு மேற்பட்ட விருத்தங்களால் ஆயது. பல்லாண்டுகள் பத்திரிகையிற் பகுதி பகுதியாக வந்து, 1894இல் நூலுருப் பெற்றது. உருவகப் பாத்திரங்கள் நெடிது உரையாடும் இடங்கள் சில சோர்வு தருவன என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் குமார பருவத்தை அடைந்ததும் நடை வேறாகின்றது. பனியனாரது கதையில் யாத்திரிகன் சிலுவையைக் கண்டமாத்திரத்தே முதுகின் சுமை கழன்று விழுகின்றது. அவர் அதனைச் சில வரிகளிற் கூறிக் கடந்து செல்கின்றார். நம் புலவரோ கிறிஸ்துநாதர் பட்ட பாடுகளைத் தனியே எடுத்து விரித்துப் பாடுகின்றார். பள்ளிப் பாடநூல்களில் இப்பகுதிச் செய்யுட்கள் இடம்பெற்றுளவாதலின் அன்பர் பலர் அறிந்திருப்பர். பெற்ற பேற்றின் விலை இன்னதென்று அறியாது நன்றி கூறுதல் இயலாதென அவர் கருதினார் போலும்.

அப்பெருமானைப் பாடுதற்கு அவர் கையாண்ட சந்தம் எது? தந்தையார் போற்றிய கம்பனது விருத்தம். இடையிடையே அமைத்த இசைப்பாக்களுக்கு இட்ட பெயர் எது? தேவாரம். மற்றொரு நூலுக்குப் போற்றித் திருவகவல் என்றே பெயரிட்டார். அப்பெயர் திருவாசகத்திற்கு உரியது என்பது யாவரும் அறிந்ததே. வைணவ இல்லத்திற் கற்ற செய்யுளும் சைவர் போற்றும் பெயரும் புதிய ஆண்டவருக்குக் காணிக்கையாயின. வீட்டை விட்டு வெளியேறியவர் வீட்டின் மொழியை விடவில்லை. நன்றி கூற வேறு மொழி அவர்க்கு வாய்க்கவுமில்லை. தந்தையாரின் பெயரைச் சொல்லாமலே அவருக்கும் அப்பாடல்களில் வணக்கம் செலுத்தப்பட்டுள்ளது என்று யான் உணர்ந்தேன். இல்லத்தாருடைய கண்ணீருக்கு அது போதிய ஈடாகுமா என்பதனை மட்டும் யான் இன்றும் துணிந்து கூறமாட்டேன்.

பின்னர்த் திருநெல்வேலியிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரித் தமிழாசிரியராக விளங்கினார். பத்தியே பொருளாகிய இரட்சணிய மனோகரம் 1899இல் வெளிவந்தது. மறு ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள், எழுபத்துமூன்றாம் பிராயத்தில், பிள்ளையவர்கள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.