அல்பிரட் ரஸல் வாலஸ்: இரு தரப்பும் பாதி மட்டும் சொல்லும் ஒரு வாழ்க்கை

கூர்ப்புக் கொள்கை பற்றிய பேச்சு எமது சமூகத்தில் எப்போது எழுந்தாலும், டார்வின் என்ற பெயரோடு தொடங்கி அதே பெயரோடு முடிந்துவிடுகிறது. ஒரு தரப்பு அவரைத் திட்டுகிறது. மறுதரப்பு அவரைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆனால் அதே கொள்கையை அதே காலத்தில் தனியாகக் கண்டறிந்த இன்னொருவர் இருந்தார். அவர்தான் அல்பிரட் ரஸல் வாலஸ். டார்வினின் பங்காளியே கடைசியில் கூர்ப்பை மறுத்துவிட்டார் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப் வழியாக எனக்கும் வந்து சேர்ந்தது.

நான் உயர்தர வகுப்புகளில் உயிரியல் கற்பிப்பவன். இப்படியான செய்திகளைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்கள் என்னிடம் கேள்வி கேட்கிறார்கள். அந்தச் செய்தியில் இருப்பது பாதி உண்மை. வாலஸைப் பற்றி வாயே திறக்காத மறுதரப்பிடம் இருப்பதும் பாதிதான். முழுவதையும் அறிந்த பின் முடிவெடுப்பதே நீதி என்பதால் இந்த மனிதரின் வாழ்க்கையை இங்கு சுருக்கமாக எழுதுகிறேன்.

வாலஸ் 1823 ஜனவரி 8ஆம் திகதி வேல்ஸ் எல்லையிலுள்ள அஸ்க் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பணத்தை இழந்ததால் 14 வயதில் பாடசாலையை விட்டார். அண்ணனுடன் நில அளவை வேலைக்குப் போனார். வயல்வெளிகளில் சங்கிலி பிடித்து அளந்த காலத்தில்தான் செடிகளின் பெயர்களை அறியும் ஆசை அவருக்கு வந்தது. பல்கலைக்கழகப் படி மிதித்தவரல்லர். ஊர் நூலகங்களிலும் தொழிலாளர் கல்வி நிலையங்களிலும் தானாகப் படித்தார். டார்வின் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் கற்றவர். வாலஸோ வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பறவைத் தோல்களையும் சேகரித்து விற்று, அந்த வருமானத்தில் ஆராய்ச்சி செய்தவர்.

1848இல் நண்பர் பேட்ஸுடன் அமேசன் காட்டுக்குப் புறப்பட்டார். பின்னர் தம்பி ஹேர்பட்டும் அங்கு வந்து சேர்ந்தார். 1851இல் மஞ்சள் காய்ச்சல் தம்பியின் உயிரைப் பறித்தது. அடுத்த ஆண்டு வாலஸ் நாடு திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. ஆண்டுக்கணக்கில் சேகரித்த மாதிரிகளும் குறிப்பேடுகளும் கண்முன்னே எரிந்தன. பத்து நாட்கள் திறந்த படகில் அத்திலாந்திக்கில் மிதந்த பிறகே வேறொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. இரண்டு ஆண்டுகள்கூடக் கழியவில்லை, 1854இல் மீண்டும் பயணம் புறப்பட்டார். இம்முறை கிழக்கு நோக்கி.

சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. எகிப்தைத் தரைவழியாகக் கடந்து, செங்கடலில் கப்பலேறி, ஏடன் வழியாக எமது காலித் துறைமுகத்துக்கு வந்தார். தென்னந்தோப்புகளும், பயணிகளைச் சூழ்ந்துகொண்டு இரத்தினக்கல் விற்றவர்களும் அவரது நினைவில் நின்றன. காலியின் இரத்தினக்கல் வியாபாரத்தில் முஸ்லிம்களுக்கு இருந்த பங்கு நாம் அறிந்ததே. எமது முன்னோர் யாரேனும் அன்று அவரிடம் ஒரு கல்லை நீட்டியிருக்கவும் கூடும். அங்கிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை அடைந்தார்.

அதன் பின் எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுக்கூட்டமே அவரது வீடு. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட எமது மலாய் சகோதரர்களின் முன்னோர் வாழ்ந்த தீவுகள் அவை. அங்கு சுமார் 22,500 கிலோமீற்றர் பயணித்து, 125,660 மாதிரிகளைச் சேகரித்தார். நோய் வந்தபோது அவரைப் பார்த்துக்கொண்டவர்களிலும், படகோட்டியவர்களிலும், இடம் கொடுத்தவர்களிலும் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். அரு தீவுகளின் டோபோ என்ற வியாபாரக் குடியேற்றத்தில் பூகிஸ், ஜாவா, சீன வியாபாரிகள் பொலிஸும் நீதிமன்றமும் இல்லாமலேயே தமக்குள் ஒழுங்காக வாழ்ந்ததைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்.

இவர்களில் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1855இல் சரவாக்கில் அலி என்ற மலாய் இளைஞரைச் சமையல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். சில காலத்திலேயே அலி பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் தேர்ந்துவிட்டார். படகு செலுத்தினார், காய்ச்சலில் கிடந்த வாலஸைப் பராமரித்தார். இன்று வாலஸின் பெயரைத் தாங்கி நிற்கும் சொர்க்கப் பறவை இனமொன்றை 1858இல் பச்சான் தீவில் முதலில் கொண்டுவந்து கொடுத்தவர் அலிதான். வாலஸ் தனது சுயசரிதையில் அலியின் புகைப்படத்தைச் சேர்த்து நன்றியோடு நினைவுகூர்ந்தார். கூர்ப்பின் வரலாற்றில் எமக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று நினைக்கும் மாணவர்களிடம் நான் அலியைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் நிலவிய கருத்து, ஒவ்வோர் உயிரினமும் தனித்தனியே படைக்கப்பட்டு மாறாமல் இருக்கிறது என்பது. தீவு தீவாகத் திரிந்த வாலஸுக்கு அதில் ஐயம் எழுந்தது. 1856இல் பாலியிலிருந்து லொம்பொக்குக்குப் போனார். இடையில் இருப்பது சுமார் 35 கிலோமீற்றர் அகலமான நீரிணை. இரு தீவுகளின் காலநிலையும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பாலியில் ஆசியப் பறவைகள் இருந்தன. லொம்பொக்கிலோ அவுஸ்திரேலியப் பக்கத்துக் கொக்கட்டூ கிளிகள் பறந்தன. இடத்துக்குப் பொருத்தமாக ஒவ்வோர் இனமும் தனியாக வைக்கப்பட்டிருந்தால் ஒரே மாதிரியான இரு தீவுகளில் ஏன் இந்த வேறுபாடு? அந்த நீரிணை மிக ஆழமானது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனிக்காலத்தில் பாலி ஆசியாவுடன் தரையால் இணைந்திருந்தது, லொம்பொக் இணையவில்லை. உயிரினங்களின் பரம்பல் நிலத்தின் வரலாற்றைப் பின்பற்றியிருந்தது. அந்த எல்லை இன்றும் வாலஸ் கோடு என்றே அழைக்கப்படுகிறது.

1858 பெப்ரவரியில் மொலுக்கஸ் தீவுகளில் மலேரியா போன்ற காய்ச்சலில் படுத்திருந்தபோது விடை கிடைத்தது. உயிரினங்கள் உணவும் இடமும் தாங்கக்கூடியதை விட அதிகமாகப் பெருகுகின்றன, பெரும்பாலானவை இறக்கின்றன, சூழலுக்குச் சற்றே பொருந்திய வேறுபாடு உடையவை தப்பிப் பிழைத்து அந்த வேறுபாட்டைச் சந்ததிக்குக் கொடுக்கின்றன. இதை எழுதி, தேர்னாத்தேயிலிருந்து டார்வினுக்கு அனுப்பினார். ஜூனில் அது டார்வினின் கையில் கிடைத்தது. இருபது ஆண்டுகளாகத் தான் வெளியிடாமல் வைத்திருந்த கருத்து இன்னொருவரின் கையெழுத்தில் வந்ததைக் கண்டு டார்வின் அதிர்ந்தார். நண்பர்கள் தலையிட்டு, இருவரது எழுத்துக்களையும் 1858 ஜூலை 1ஆம் திகதி லண்டன் லினேயன் சங்கத்தில் ஒன்றாக வாசிக்கச் செய்தனர். வாலஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்பதற்கு அவர் எட்டாத தூரத்தில் இருந்தார். மாதங்கள் கழித்துச் செய்தி அறிந்தபோது அவர் சினக்கவில்லை. மகிழ்ச்சியே அடைந்தார். பிற்காலத்தில் இக்கொள்கை பற்றித் தான் எழுதிய நூலுக்கு டார்வினியம் என்றே பெயர் வைத்தார். புகழுக்காகச் சண்டையிடும் அறிஞர்கள் நிறைந்த உலகில் இந்தப் பண்பை எமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இனி மனிதனைப் பற்றிய விடயத்துக்கு வருவோம். 1864இல் வாலஸ் ஒரு முக்கியமான கட்டுரையை வாசித்தார். குளிர் வந்தால் விலங்குக்கு அடர்ந்த உரோமம் வேண்டும், இல்லையேல் அது அழியும். மனிதனோ ஆடை தைக்கிறான், நெருப்பு மூட்டுகிறான், வீடு கட்டுகிறான். உணவு குறைந்தால் பயிரிடுகிறான். எனவே சூழல் மாறும்போது மனிதனின் உடல் மாறத் தேவையில்லை. அறிவும் ஒத்துழைப்புமே அவனது இசைவாக்கம் என்பது அவரது வாதம்.

இதில் பெரும்பகுதி இன்றும் செல்லுபடியாகும். ஆனால் உடலும் முற்றாக நின்றுவிடவில்லை என்பதை நாம் இப்போது அறிவோம். தலசீமியா அதற்கு எமது நாட்டிலேயே இருக்கும் சான்று. தலசீமியாவின் பரம்பரையலகை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. அதனால் மலேரியா பரவிய நாடுகளில் அது நிலைத்தது. இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. நோய் போய்விட்டது, ஆனால் அதற்கெதிராக உருவான இசைவாக்கம் எமது இரத்தத்தில் மீதமிருக்கிறது. காவிகளான இருவர் மணம்முடித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடும் தலசீமியா ஏற்படலாம். உறவுக்குள் திருமணம் நடக்கும் எமது குடும்பங்களில் நிக்காஹ்வுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை ஏன் அவசியம் என்பதைக் கூர்ப்புப் பாடம்தான் விளக்குகிறது. அந்தப் பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் மனனம் செய்து, மனதுக்குள் பொய் என்று ஒதுக்கும் பிள்ளைக்கு இந்த விளக்கம் போய்ச் சேர்வதில்லை. எனது கவலை இதுதான்.

1869இல் வாலஸ் டார்வினை வருந்தச் செய்தார். மனித உடல் முந்திய உயிரினங்களிலிருந்து வந்தது என்பதை அவர் ஏற்றார். ஆனால் கணிதம், இசை, ஒழுக்க உணர்வு ஆகியவற்றை இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்க முடியாது, அதற்குப் பின்னால் ஓர் உயர்ந்த அறிவு இருக்க வேண்டும் என்று எழுதினார். காட்டுவாசிகள் என ஐரோப்பியர் இகழ்ந்த மக்களோடு அவர் வாழ்ந்தவர். அவர்களின் மூளையும் ஆற்றலும் ஐரோப்பியருக்குக் குறைந்ததல்ல என்பதைக் கண்டவர். அன்றாடப் பிழைப்புக்குத் தேவையானதை விட மிகப் பெரிய ஆற்றல் எல்லா மனிதருக்கும் வழங்கப்பட்டிருப்பது எப்படி என்பதே அவரது கேள்வி. டார்வின் அதை ஏற்கவில்லை. பிற்கால விஞ்ஞானிகளும் பெரும்பாலும் ஏற்கவில்லை.

வாட்ஸ்அப் செய்தி பிடித்துக்கொண்டிருப்பது இந்த இடத்தைத்தான். ஆனால் வாலஸ் கூர்ப்பை ஒருபோதும் மறுக்கவில்லை, இறக்கும்வரை அதன் காவலராகவே இருந்தார். மேலும், அவரது கருத்தின் பின்னணியில் ஆவிகளோடு பேசும் கூட்டங்களில் அவருக்கிருந்த நம்பிக்கையும் உண்டு. அத்தகைய கூட்டங்களை எமது அகீதா ஏற்காது. அப்படியிருக்க, எமக்கு வசதியான வரியை மட்டும் வெட்டி எடுத்து அவரைச் சாட்சியாக நிறுத்துவது சரியாகுமா?

அவர் எல்லாவற்றிலும் சரியாக நடந்தவருமல்லர். தடுப்பூசியை எதிர்த்தார், அதில் அவர் தவறிழைத்தார். 1870இல் பூமி தட்டை என வேதநூலைக் காட்டி வாதிட்ட ஹம்ப்டன் என்பவரோடு 500 பவுண் பந்தயம் பிடித்தார். பெட்ஃபர்ட் கால்வாயில் ஆறு மைல் தூரத்தில் அடையாளங்களை நட்டு, நீர்ப்பரப்பின் வளைவைக் காட்டினார். ஹம்ப்டன் ஏற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அவதூறுக் கடிதங்களால் வாலஸின் குடும்பத்தையே துன்புறுத்திச் சிறைக்கும் போனார். அந்தப் பந்தயத்துக்காக வாலஸ் பின்னர் வருந்தினார். சூது ஏன் தடுக்கப்பட்டது என்பதற்கும், சான்றைப் பார்க்க மறுப்பவரிடம் சான்று வேலை செய்யாது என்பதற்கும் இது ஒரு பாடம்.

பணக்கஷ்டம் அவரை நீண்டகாலம் விடவில்லை. 1881இல் ஆண்டுக்கு 200 பவுண் அரச ஓய்வூதியம் கிடைக்க முயற்சியெடுத்தவர் டார்வினே. கருத்து வேறுபாடு நட்பை அறுக்கவில்லை. மறு ஆண்டு டார்வின் இறந்தபோது பிரேதப் பெட்டியைச் சுமந்தவர்களில் வாலஸும் ஒருவர். ஏழைகளுக்கு நிலம் கிடைக்க வேண்டும் என்று போராடினார். பலவீனரைக் கழித்துக்கட்டக் கூர்ப்பைச் சாட்டாக்கியவர்களைக் கண்டித்தார். 1913 நவம்பர் 7ஆம் திகதி 90 வயதில் காலமானார்.

படைப்பாளன் அல்லாஹ் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் படைப்பு பற்றிய கேள்வி பாரதூரமானது, அதை உலமாக்களே பேச வேண்டும். ஆனால் பேசும் முறைக்கு முன்மாதிரி உண்டு. டார்வின் இறந்து சில ஆண்டுகளில், திரிப்போலியின் அறிஞர் ஹுஸைன் அல்ஜிஸ்ர், ரஷீத் ரிழாவின் ஆசிரியர், இக்கொள்கையைப் படித்தே பதில் எழுதினார். அது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை என்றார். ஒருநாள் மறுக்க முடியாதவாறு நிறுவப்பட்டால், படைப்பாளனை ஏற்றுக்கொண்டே வசனங்களை அதற்கிசைய விளங்க இடமுண்டு என்றும் சொன்னார். அவருடைய முடிவை எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை. அவருடைய நிதானத்தை ஏற்கலாம்.

எமது பாடசாலைகளிலும் மத்ரஸாக்களிலும் விஞ்ஞான ஆசிரியரும் ஆலிமும் மாணவர் முன்னிலையில் ஒன்றாக அமர்ந்து இந்தக் கேள்விகளுக்கு முகங்கொடுக்க வேண்டும் என்பதே எனது வேண்டுகோள். அது நடக்காவிட்டால், எமது பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கும் பொறுப்பை வாட்ஸ்அப்பே எடுத்துக்கொள்ளும்.