தொட்டிலும் தூரிகையும்

பெண் ஓவியம் தீட்டலாம். ஓவியராக வாழலாகாது என்று உலகம் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் செல்வர் வீட்டுப் பெண்கள் ஓவியமும் பியானோவும் கற்றனர்; மணமானதும் அவற்றை மூட்டை கட்டி வைத்தனர். அந்த வேலியைத் தாண்டியவர் பெர்த் மொரிசோ அம்மையார்.

1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் பூர்ஜ் நகரில் உயர் அரசு அலுவலர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். பாரிசு நகரின் அரசு நுண்கலைப் பள்ளி 1897ஆம் ஆண்டுவரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே அவரும் தமக்கை எத்மாவும் தனி ஆசிரியர்களிடம் பயின்றனர். இவர்கள் பொழுதுபோக்கோடு நிற்கமாட்டார்கள், உண்மையான ஓவியர்களாகிவிடுவார்கள் என்று ஆசிரியர் கிஷார் தாயாரை எச்சரித்தாராம். லூவர் கூடத்தில் பழைய ஓவியங்களைப் படியெடுத்தும், நிலக்காட்சி ஓவியர் கொரோவின் வழிகாட்டலில் திறந்தவெளியில் தீட்டியும் சகோதரியர் வளர்ந்தனர். 1864இல் இருவர் படங்களும் அரசின் சலோன் கண்காட்சியில் இடம்பெற்றன.

1869இல் எத்மா கடற்படை அதிகாரி ஒருவரை மணந்தார். தூரிகையைக் கீழே வைத்தார். பெர்த் வைக்கவில்லை.

1872இல் அவர் தீட்டிய ‘தொட்டில்’ என்னும் ஓவியம் புகழ்பெற்றது. மெல்லிய வெண்திரைக்குள் குழந்தை உறங்குகிறது. கன்னத்தைக் கையில் தாங்கியபடி தாய் அதனை நோக்குகிறாள். அத்தாய் வேறு யாருமல்லர்; எத்மாவே! தாய்மையின் கனிவு அங்கே உண்டு. கலையைத் துறந்த தமக்கையைத் துறவாத தங்கை பார்த்த பார்வையும் அங்கே உண்டு.

1874இல் நடந்த முதல் இம்பிரசனிசக் கண்காட்சியில் கலந்துகொண்ட ஒரே பெண் அவர்தாம். ‘தொட்டில்’ அன்று விலைபோகவில்லை. 1930இல்தான் லூவர் அதனை வாங்கியது. இன்று அது ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.

1874 இறுதியில் ஓவியர் மனேயின் தம்பி எழேனை மணந்தார். 1878இல் மகள் சூலி பிறந்தாள். இல்லறம் அவர் கலையை நிறுத்தவில்லை. அக்குழுவினர் நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் பங்கேற்றார். 1892இல் கணவரை இழந்தார். நோயுற்ற மகளைப் பேணியபோது தாமும் நோயுற்று, 1895 மார்ச்சு 2ஆம் நாள் தம் 54ஆம் வயதில் மறைந்தார்.

இறப்புச் சான்றிதழ் அவரைத் தொழில் ஏதும் இல்லாதவர் என்றது. மறு ஆண்டே தெகா, மோனே, ரெனுவார் முதலிய நண்பர்கள் கூடி, ஏறத்தாழ நானூறு படைப்புகளைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தனர். அந்தச் சான்றிதழுக்கு அதைவிடச் சிறந்த மறுமொழி வேண்டுமோ?