திருப்பதியில் படித்தவர், வால்டேரில் ஆள் தேடியவர்

டாக்டர் ராதாகிருஷ்ணன் என்றால் தத்துவ மேதை, ஜனாதிபதி, செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்பது நம் அங்கத்தினர்கள் எல்லோருக்கும் தெரியும். திறமைசாலிகளைத் தேடிப் பிடிப்பதில் அவருக்கிருந்த சாமர்த்தியத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சித்தூர் ஜில்லாவில் பல வருஷம் உத்தியோகம் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

1888-ல் திருத்தணியில் பிறந்தார். (திருத்தணி 1911 முதல் 1960 வரை சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது.) தகப்பனார் வீராசாமி ஜமீனில் சொற்ப சம்பளக்காரர். பையன் 1896 முதல் 1900 வரை திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தான். பிறகு வேலூர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. மைசூரிலும் கல்கத்தாவிலும் பேராசிரியரானார்.

ஆந்திரப் பல்கலைக்கழகம் 1926-ல் தொடங்கியது. முதல் துணைவேந்தர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி, அவர் சித்தூர்க்காரர். சத்தியாக்கிரகிகள் மீது சர்க்கார் நடத்திய அடக்குமுறையைக் கண்டித்து 1930-ல் ராஜினாமா செய்தார். 1931-ல் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தவர் ராதாகிருஷ்ணன். வால்டேரில் பல்கலைக்கழகம் அப்போதுதான் வேரூன்றிக்கொண்டிருந்தது.

ஆக்ஸ்போர்டில் படித்துத் திரும்பியிருந்த ஹுமாயூன் கபீர் என்ற வங்காள இளைஞரை அழைத்தார். அவர் பிற்பாடு மத்திய கல்வித்துறைச் செயலாளர், அமைச்சர். சரித்திரம் சொல்லிக்கொடுக்க ஹிரேன் முகர்ஜி வந்தார். பார்லிமெண்டில் கம்யூனிஸ்ட் கட்சியின் பெரிய பேச்சாளராக விளங்கினாரே, அவரேதான். பௌதிகத்துக்கு ராமனின் மாணவர் பகவந்தம் 1932-ல் சேர்ந்தார். வயது 23! பின்னாளில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநர்.

நான் ரசாயனம் படித்தவன். எனவே டி.ஆர். சேஷாத்ரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லாமல் இருக்க முடியாது. குளித்தலைக்காரர், மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். 1933-ல் வால்டேருக்கு வந்தார். ரசாயனத் துறையை ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து எழுப்பி, பருத்திப் பூ முதலான தாவரங்களின் நிறமிகளை ஆராய்ந்தார். 1949-ல் டில்லிக்குப் போய் அங்கேயும் ஒரு பரம்பரையை உருவாக்கினார். 1960-ல் லண்டன் ராயல் சொஸைட்டி உறுப்பினர்.

இவர்களில் யாரும் அப்போது பிரபலமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜாதி, மதம், ராஜ்யம் என்று பார்த்திருந்தால் பாதிப்பேர் வந்திருக்கவே முடியாது.

1936-ல் ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்போர்டுக்குப் போனார். ரெட்டி மறுபடி துணைவேந்தராக வந்து 1949 வரை இருந்தார். முன்னவர் கொண்டுவந்த ஆட்களாயிற்றே என்று பகவந்தத்தையும் சேஷாத்ரியையும் அவர் ஒதுக்கவில்லை. ராதாகிருஷ்ணனின் தேர்வைவிட இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். முப்பது வருஷ சர்வீஸில் மேலதிகாரி மாறினால் நாற்காலிகள் மாறுவதையே பார்த்தவன் நான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் ஆசிரியர் தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். எங்கே, எப்போது என்பது வேண்டாம். நன்றாகப் பதில் சொன்ன பையனுக்குச் சிபாரிசு இல்லை. ஃபைல் வந்தது, கையெழுத்துப் போட்டேன். அவன் பெயர் இன்னும் ஞாபகமிருக்கிறது.